இரண்டு ராஜாக்களும் ஒரு நாற்காலியும்

"நிமிர்ந்து உட்காருவான், அவ்வளவுதான். அது அவனுக்கே தெரியாது," என்றார் அப்பா. "நல்ல சீட்டு வந்தா உடம்பு தானா நிமிருது. அப்ப அந்த நாற்காலி ஒரு சத்தம் போடும் பாரு, கிறீச்னு. அதைக் கேட்டதும் நான் கையில இருக்கறதைப் போட்டுட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போயிடுவேன்."

"எப்பவுமேவா?"

"ஆறு மாசமா கவனிக்கறேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. சத்தம் வந்தா கையில பெரிசா இருக்கு. வரலைன்னா சும்மா மிரட்டறான்."

அப்பா இதையெல்லாம் கிசுகிசுப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு காதைப் பிளைவுட் தடுப்புக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வைத்திருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமாவும் அவருடைய சுழல் நாற்காலியும். ஞாயிற்றுக்கிழமை மதியம், மணி இரண்டாக இன்னும் ஐந்து நிமிடம்.

"அதனாலதான் அதுக்கு எண்ணெய் போடாம இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? இத்தனை கட்டடத்துல லிஃப்டுக்கு எண்ணெய் போடறவனுக்கு ஒரு நாற்காலிக்குப் போடத் தெரியாதா? நீ கேட்ட, உங்கம்மா கேட்டா, நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே வந்தேன். எல்லாம் இந்த நாளுக்காகத்தான்."

நான் புத்தகத்தை மூடிவைத்தேன். முந்தின நாள் காலை பதினொரு மணிக்கு, மாமா முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த சமயத்தில், அப்பாவின் கருவிப் பையிலிருந்து நீண்ட மூக்கு வைத்த எண்ணெய் டப்பாவை எடுத்து, அந்த நாற்காலியின் அடியில் இருந்த ஸ்பிரிங்குக்கு ஒன்பது சொட்டு விட்டிருந்தேன். பிறகு அதில் சாய்ந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன். பனி விழுவதைப்போல ஒரு மௌனம். ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்துவிட்டோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மாமா திரும்பி வந்து உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். யார் செய்த வேலை என்று கேட்டு, நான்தான் என்றதும், கீழே போய் எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார். அதை இரண்டே அத்தியாயத்தில் தின்று தீர்த்தேன்.

அந்த மதியம் பந்தயத்தில் இருந்தது என் அறை.

அந்த அறையை எனக்கு ஏழு வயதானபோது அப்பா கட்டித் தந்தார். கட்டினார் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஹாலின் ஒரு ஓரத்தைப் பிளைவுட்டால் தடுத்து, எங்கோ இடித்த கட்டடத்திலிருந்து கிடைத்த ஒரு கதவைப் பொருத்தினார். கதவு மட்டும் அறைக்குச் சம்பந்தமில்லாத கம்பீரத்தோடு இருக்கும். பித்தளைக் கைப்பிடி, மேலே ஒரு சிறிய கண்ணாடி. பதினோரு வருடம் அதன் பின்னால் நான் நிம்மதியாக இருந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அவர் குடியிருந்த கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, கூரை பெயர்ந்து கட்டிலில் விழுந்துவிட்டதாம். ஒரு பெட்டி, ஒரு சுழல் நாற்காலி, இரண்டு வாரம் என்ற ஒரு வாக்கு, இவற்றோடு வந்தார். மூன்றில் முதல் இரண்டும் இன்னும் இருக்கின்றன.

நான் ஹாலுக்கு வந்தேன். தடுப்பை ஒட்டிக் கட்டில். புத்தக அலமாரியைத் திருப்பிப்போட்டு ஒரு சுவர். அலமாரியின் முதுகு ஹாலைப் பார்த்து நின்றதால் அம்மா அதில் நான்கு ஆணி அடித்துத் துணி மாட்டினாள். மூன்று பக்கம் மறைவு, நான்காவது பக்கம் பொதுவழி. குளியலறைக்குப் போகிற ஒவ்வொருவரும் என் வழியாகத்தான் போகவேண்டும். போகும்போது என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள், திரும்பி வரும்போது முடித்துவிட்டாயா என்று கேட்பார்கள். நான் படிக்கிற கதைகளில் ஆட்கள் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி நிற்கும்போதுதான் அவர்களுக்கு முக்கியமான எண்ணங்கள் வரும். எட்டு மாதமாக எனக்குச் சாத்துவதற்கு இருந்தது குளியலறைக் கதவு மட்டுமே. அதன் பின்னால் இரண்டு தடிமனான நாவல்களை முடித்தேன். வீட்டில் யாருக்கும் அதில் சந்தோஷமில்லை.

மாமா கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடுகிற வேலை அவருக்கு. எந்தத் தடத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று நாள் முழுவதும் கட்டம் கட்டமாக எழுதுவார். ஊரையே நேரத்துக்கு அனுப்பி வைக்கிறான், தான் மட்டும் கிளம்பமாட்டேங்கிறான் என்பது அப்பாவின் குறை. அவன் எங்கே போவான் என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பதால் அவளுக்கு ஒரு வசதி. எதிராளி வாயைத் திறந்தபடி இருக்கும்போதே பேசி முடித்துவிடுவாள்.

அப்பாவும் மாமாவும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் போக்கர். தொடக்கத்தில் சாப்பாட்டு மேசையில் நிஜச் சீட்டு வைத்துத்தான் ஆடினார்கள். ஆனால் அப்பாவுக்குப் பெரிய சீட்டு வந்தால் காது சிவந்துவிடும். கன்னம் அசையாது, கை நடுங்காது, காது மட்டும் யாரோ திருகிவிட்டதுபோல ஆகிவிடும். மாமா அதைப் பார்ப்பார், சீட்டைப் போடுவார். ஒரு நாள் அப்பா தலையில் குல்லாய் மாட்டிக்கொண்டு உட்கார, அம்மா சிரிக்க, அது சண்டையாகி, கண்ணாடி ஜாடி ஒன்று உடைந்தது. அதோடு வீட்டில் சீட்டுக்கட்டுக்குத் தடை. அதற்குப் பிறகு இருவரும் செல்போனில் ஆன்லைனில் ஆட ஆரம்பித்தார்கள். நிஜக் காசு கிடையாது, வெறும் சிப்ஸ் என்கிற பொம்மைக் காசு. ஒரே வீட்டில் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இவர்களுடைய சீட்டு எங்கேயோ கடல் தாண்டியிருக்கிற ஒரு கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி வரும். முகம் தெரியாமல் ஆடுவதுதான் நியாயமான ஆட்டம் என்பார் அப்பா.

ஒவ்வொரு ஞாயிறும் என் கட்டிலுக்கு வந்து உட்காருவார். இங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்பார். நான் படிப்பேன், அவர் ஆடுவார். என்னோடு இருப்பதற்காகத்தான் வருகிறார் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பேசாமலே ஒரு நட்பு என்றெல்லாம் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். அவர் வந்தது சுவருக்காக என்று இப்போதுதான் தெரிந்தது.

பந்தயம் உருவானது போன ஞாயிறு. தேர்வு வருகிறது, எனக்கு அறை வேண்டும் என்று சாப்பிடும்போது சொன்னேன். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டு, இடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று முணுமுணுத்தார். அம்மா என்னை முறைத்தாள். அப்பா வழக்கம்போல யாரும் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து, ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாமா மாப்ள என்றார். சும்மா ஒரு வீம்புக்குச் சொன்னது. ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு விதிகளை வகுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு இரண்டிலிருந்து ஆறு மணிவரை ஒரே ஆட்டம். ஆளுக்கு ஆயிரம் சிப்ஸ். ஒவ்வொரு கைக்கும், அதாவது சீட்டுப் பகிரும் ஒவ்வொரு சுற்றுக்கும், போடவேண்டிய கட்டாயப் பந்தயம் ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு இரண்டு, அதற்கு மேல் இல்லை. சீக்கிரம் தோற்று எழுந்துவந்து யாரும் கத்தக்கூடாது, நாலு மணி நேரம் அவள் தூங்கவேண்டும். ஆறு மணிக்கு யாரிடம் சிப்ஸ் அதிகமோ அவர் ஜெயித்தவர். அப்பா ஜெயித்தால் மாமா ஒரு மாதத்தில் இடம் பார்த்துப் போய்விட வேண்டும். மாமா ஜெயித்தால் அவருக்குக் கல்யாணம் ஆகும்வரை அறை அவருடையது, அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. கல்யாணத்துக்கான அறிகுறி எந்தத் திசையிலும் இல்லாததால், அதற்கு எப்போதும் என்று பொருள்.

அப்பா உடனே சரி என்றார். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை.

மணி இரண்டடித்தது. திரையில் பச்சை மேசை விரிந்தது.

எனக்குத் தெரிந்த அளவில் ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று ஐந்து சீட்டு விழும். ஒவ்வொரு முறையும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். ஒரு சின்ன வட்ட வில்லை ஒவ்வொரு கைக்கும் இடம் மாறும். அது யாரிடம் இருக்கிறதோ அவர், நடுச்சீட்டு விழ ஆரம்பித்ததும், கடைசியாகப் பேசுவார். மற்றவர் முதலில் பேசியாகவேண்டும். முதலில் பேசுகிறவனுக்கு எதிராளியைப் பற்றி ஒன்றும் தெரியாது, கடைசியில் பேசுகிறவனுக்கு எல்லாம் தெரியும். முதலில் பேசுகிற இடத்தில் ஒரு பெரிய ஜோடி, அதுவும் இவ்வளவு சிப்ஸ் இரண்டு பக்கமும் குவிந்திருக்கும்போது வந்தால், சந்தோஷப்படுவதைவிடப் பயப்படுவதுதான் நல்லது என்று அப்பாவே இரண்டரை மணிக்கு என்னிடம் சொன்னார். நடுவில் சேருகிற பந்தயத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளவேண்டும், ஒரு ஜோடிக்காக வீட்டையே எழுதி வைக்கக்கூடாது என்றார். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. அவருக்குத்தான் நினைவில்லை.

இரண்டு பத்துக்கே நான் முயற்சி செய்தேன். "அப்பா, அந்த நாற்காலி இருக்கே..." என்று ஆரம்பித்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். காது தடுப்போடு ஒட்டியிருந்தது. அந்தச் சமயத்தில் மாமா நாற்பது சிப்ஸ் கட்டியிருந்தார். அப்பா உற்றுக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மிரட்டல் என்று முடிவுகட்டிப் பந்தயத்தை ஏற்றார். மாமா கையில் உண்மையிலேயே ஒன்றுமில்லை. சிப்ஸ் சலசலவென்று எங்கள் பக்கம் வந்தன.

பிறகும் ஒரு முறை அப்படியே. அதற்குப் பிறகு இன்னொரு முறை. மாமாவுக்கு அன்று உருப்படியான சீட்டே வரவில்லை போலிருந்தது. நாற்காலி வாயைத் திறக்காததற்கு எண்ணெய் காரணமா, மாமாவின் துரதிர்ஷ்டம் காரணமா என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருப்பதற்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் எவ்வளவு இதமாக இருக்கிறது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது கெடுப்பானேன் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் படித்தேன்.

மாமா ஒவ்வொரு முறையும் தனக்குக் கொடுக்கப்பட்ட முப்பது விநாடியையும் முழுதாக எடுத்துக்கொண்டார். போட்டுவிடவேண்டிய குப்பைச் சீட்டானாலும் இருபத்தொன்பதாவது விநாடியில்தான் போடுவார். ஆளே இல்லாத நிறுத்தத்திலும் நேரம் ஆகும்வரை பஸ்ஸை நிறுத்தி வைக்கிற ஜாதி என்று அப்பா பல்லைக் கடித்தார். அவர் அந்தப் பக்கம் தொட்ட மறு விநாடியே இவர் இந்தப் பக்கம் தொட்டுவிடுவார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துப் பழகியவர், எதுவும் நின்றுகொண்டிருப்பதைப் பொறுக்கமாட்டார்.

நாலரை மணிக்கு அப்பா சொன்னார், "இன்னிக்கு ஒரு தடவைகூடக் கத்தலையே. பாவம், நாலு மணி நேரத்துக்கு ஒரு நல்ல சீட்டாவது வரவேண்டாமா."

உண்மையாகவே பரிதாபப்பட்டார்.

ஐந்து இருபதுக்கு எங்களிடம் ஆயிரத்து முந்நூறு. மாமாவிடம் எழுநூறு. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இனி வருகிற எல்லாக் கையையும் பார்க்காமலே போட்டாலும், கட்டாயப் பந்தயத்தில் இருநூறு சிப்ஸ்கூடப் போகாது. நாற்பது நிமிடம் சும்மா இருந்தால் போதும், அறை நம்முடையது. அதைத்தான் செய்யப்போகிறேன் என்றார் அப்பா. கால் மணி நேரம் அப்படியே செய்தார். நான் அதற்குள் மனதுக்குள்ளேயே மேசையை அறை ஜன்னலுக்குக் கீழே நகர்த்திவிட்டேன். அலமாரியைத் திருப்பி, அம்மாவின் ஆணிகளைப் பிடுங்கினேன். பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடி சாத்தினேன். முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். ஏதோ ஒரு முக்கியமான எண்ணம் வருவதற்கு இருந்தது.

அப்போது அப்பாவின் காது சிவந்தது.

திரையில் இரண்டு ராஜாக்கள். ஒருவர் கறுப்பு, ஒருவர் சிவப்பு. வட்ட வில்லை மாமாவிடம் இருந்தது.

"அப்பா, போட்டுடுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், பெற்ற மகளைத் தெருவில் விட்டுவிடு என்று யாரோ சொன்னதைப் போன்ற ஒரு வலி இருந்தது. ராஜா ஜோடியைப் பார்த்து எத்தனை வாரம் ஆயிற்று தெரியுமா என்றார். சின்னதாக ஆடி, சின்னதாக ஜெயித்து, மரியாதையாக எழுந்துவிடுவேன் என்றார். மாமா ஆறு கட்டியிருந்தார். அப்பா அதை இருபத்துநாலாக ஏற்றினார். மாமா முப்பது விநாடி நிறுத்தத்தில் நின்றுவிட்டு, சரி என்று கூடவே வந்தார்.

நடுவில் ஒன்பது, ஐந்து, இரண்டு. ராஜாவுக்குக் கீழேதான் எல்லாம். அப்பா முதலில் பேசவேண்டும். முப்பது கட்டினார். காதைத் தடுப்பில் வைத்தார். சத்தமில்லை. மாமா முப்பதையும் கொடுத்தார்.

நாலாவது சீட்டு ராணி. அப்பா எழுபது கட்டினார். இது சின்ன ஆட்டமா என்று கேட்டேன். நடுத்தரம் என்றார். இருபத்தொன்பதாவது விநாடியில் மாமா அதை இருநூற்றுப் பத்தாக ஏற்றினார்.

நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"கத்தல," என்று அப்பா வாயசைத்தார். முகத்தில் மெல்ல ஒரு புன்னகை பரவியது. "நேரம் முடியப்போகுதுன்னு பயந்து மிரட்டறான்."

ஏற்றுக்கொண்டார். ஐந்தாவது சீட்டு விழுந்தது. மூன்று. யாருக்கும் எந்த நன்மையும் செய்யாத ஒரு மூன்று. அப்பா இந்த முறை பந்தயம் கட்டாமல் பேச்சை மாமாவிடம் தள்ளிவிட்டார். அவனே இன்னொரு பொய் சொல்லட்டும், விட்டுப் பிடிக்கலாம் என்பது திட்டம்.

நான் எழுந்தேன். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மாமாவின் அறைக் கதவைத் தள்ளினேன். கதவு நீளமாக முனகியது. உள்ளே மாமா அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுக்க உட்கார்ந்தவரைப்போல இருந்தார். முதுகெலும்பு ஒரே நேர்கோடு. தோள்கள் விரிந்து, கழுத்து நீண்டு, இரண்டு பாதங்களும் தரையில் பதிந்து. நாற்காலியின் முதுகுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஒரு தலையணையை வைக்கலாம். நான் தண்ணீரை வைத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. அவருடைய விரல் திரையைத் தொட்டது.

ஓடி வந்தேன். அப்பாவின் திரையில் மாமா மீதமிருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளியிருந்தார். நானூற்றுத் தொண்ணூற்றாறு. அதன் கீழே நேரம் காட்டும் பச்சைக் கோடு ஒன்று குறைந்துகொண்டு வந்தது. அதிசயமாக அப்பா உடனே தொடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிமிர்ந்து உட்கார்ந்திருக்கார்," என்றேன்.

"யாரு?"

"மாமாதான். நான் பாத்துட்டு வரேன். குச்சி மாதிரி உட்கார்ந்திருக்கார். போட்டுடுங்க, இப்பவும் நம்மகிட்டதான் பாதி இருக்கு. அவர்கிட்டயும் ஆயிரம்தான், இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"சத்தம் வரலையே."

"சத்தம் வரலை. ஆனா நிமிர்ந்துதான் இருக்கார்."

"நிமிர்ந்தா சத்தம் வரும்மா." குரலில் அவ்வளவு கனிவு. "நீ பாத்தது வேற ஏதாவதா இருக்கும். உனக்கு எப்பவும் ஏதாவது தோணும். நாற்காலிக்கு அப்படியெல்லாம் தோணாது."

இயந்திரங்களை நம்பிப் பிழைக்கிற மனிதர். முப்பது வருடமாகக் கட்டடத்து ஆட்கள் லிஃப்ட் குலுங்குகிறது, லிஃப்ட் அழுகிறது, லிஃப்டில் பேய் இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். ஒரு முறைகூடத் தவறியதில்லை. இப்போது அதே காதுக்கும் தன் மகளுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்?

பச்சைக் கோடு மஞ்சளாகி, சிவப்பானது. இனி உண்மையைச் சொல்வது ஒன்றுதான் மிச்சம்.

"அப்பா, அந்த நாற்காலிக்கு நான்தான் நேத்து..."

அவர் விரல் திரையைத் தொட்டது. சீட்டுகள் திரும்பின. நான் வாக்கியத்தை முடித்தேனா என்பதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முடித்திருந்தாலும் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. அப்பாவின் கண்கள் மாமாவின் இரண்டு சீட்டுகள்மீது இருந்தன. இரண்டும் ஐந்து. நடுவில் கிடந்த ஐந்தோடு சேர்ந்து மூன்று ஐந்து, எந்த ஜோடியையும் அடிக்கிற கை. முதல் மூன்று சீட்டு விழுந்தபோதே எல்லாம் முடிந்துபோயிருந்தது.

சிப்ஸ் சலசலவென்று அந்தப் பக்கம் போயின. ராஜாக்கள் இருவரும் வாளைத் தூக்கிக்கொண்டு எப்போதும்போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீதி இருபது நிமிடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் செய்யவேண்டியதாக இருந்ததை மாமா செய்தார். வந்த கையை எல்லாம் போட்டார், ஒவ்வொன்றையும் இருபத்தொன்பதாவது விநாடியில். நாற்பது கை ஆடுவதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது.

ஆறு மணிக்கு அம்மா கொட்டாவியோடு எழுந்து வந்து, யார் என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் புரிந்துகொண்டு, டீ போடப் போனாள். மாமா அறைவாசலில் வந்து நின்றார். ஜெயித்தவருடைய முகமாக இல்லை, பஸ் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்க வந்தவருடைய முகமாக இருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு ஜோடி ஐந்தை வைத்துக்கொண்டு இருபத்துநாலு கொடுத்து வந்தது என்ன தைரியம் மாப்ள என்று கேட்டார்.

"தைரியம் எல்லாம் இல்ல அத்தான்," என்றார் மாமா. "சின்ன ஜோடிக்கு மூணாவது சீட்டு எட்டுல ஒரு தடவைதான் வரும். ஏழு பஸ் வராது. ஆனா எட்டாவது வந்தா அதுல எவ்வளவு கூட்டம் ஏறும்னு பாக்கணும். நீங்க பெரிய ஜோடியைப் போடவே மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேர்கிட்டயும் இவ்வளவு சிப்ஸ் இருக்கும்போது ஏழு பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லைன்னு நின்னேன்."

"நான் போடமாட்டேன்னு எப்படித் தெரியும்?"

"பிளைவுட் அத்தான். பெரிய சீட்டு வந்தா நீங்க மூச்சை இழுத்துப் பிடிக்கறது இங்க வரைக்கும் கேக்குது."

அப்பாவின் காது மறுபடி சிவந்தது. ஆனால் அவர் மனது வேறெங்கோ இருந்தது. எழுந்து நேராக மாமாவின் அறைக்குள் போனார். கைகொடுத்து வாழ்த்தப்போகிறார் என்று நினைத்தேன். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். சாய்ந்தார். நிமிர்ந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தார். பனி விழுவதைப்போல ஒரு மௌனம்.

"என்ன பண்றீங்க அங்க?" என்றாள் அம்மா, டீயோடு.

"நல்ல நாற்காலி," என்றார் அப்பா. "உட்கார்ந்து பாக்கறேன்."

குனிந்தார். அடியில் விரலை விட்டு எடுத்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். தன் எண்ணெயை அவருக்குத் தெரியாதா? தினம் அவர் சட்டையில் வீட்டுக்கு வருகிற எண்ணெய் அது. மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? என் வேலை பல்லு," என்றாள் அம்மா.

பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவியாகச் சிரித்தார். அப்பா ஏதோ கேட்க வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவருடைய சங்கடம் எனக்கு நன்றாகப் புரிந்தது. உன் நாற்காலி ஏன் கத்தவில்லை என்று கேட்டால், அது கத்துவதை நீங்கள் ஏன் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று இன்னொரு கேள்வி வரும். ஆறு மாதமாக வெளிச்சத்துக்காகக் கட்டிலில் உட்கார்ந்த மனிதர் அதற்கு என்ன பதில் சொல்வார்? வாழ்க்கையில் முதல் முறையாக அப்பா முதலில் பேசாமல் இருந்தார்.

என்னை மட்டும் அவர் பார்க்கவில்லை. பார்க்க அவசியமில்லை. அறையை இழந்தவள் நான்தான். நாலு மணி நேரம் பக்கத்தில் இருந்து, போட்டுடுங்க என்று கெஞ்சியவளும் நான்தான். என்னைச் சந்தேகப்பட ஒரு காரணமும் கிடையாது. தோற்ற இருவரும் ஒரே கட்சி என்ற நினைப்போடு என் அருகில் வந்து நின்று, தோளில் கைவைத்து, போகட்டும் விடு என்றுகூடச் சொன்னார். எண்ணெய் விரல் என் சட்டையில் ஒரு கறையை வைத்தது. யார்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன் என்று என் காதில் மட்டும் கேட்கும்படி சொன்னார். நான் தலையாட்டினேன்.

மாமா டீயை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் போனார். இனி எப்போதும் அவருடைய அறை. கதவைச் சாத்தப் போனவர் பாதியில் நின்றார். அந்தக் கதவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். அது முனகியது. மறுபடி ஆட்டினார். மறுபடி முனகியது. எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்த அறையை முழுதாகத் தன்னுடையதாக நினைக்கிறார் என்று தோன்றியது. தலையை மட்டும் வெளியே நீட்டினார். முகத்தில் நல்ல மனது தவிர வேறெதுவும் இல்லை.

"பாப்பா," என்றார் மாமா. "நேத்து என் நாற்காலிக்குப் போட்டியே, அந்த எண்ணெய் இன்னும் மிச்சம் இருக்கா? இந்தக் கதவுக்கும் ரெண்டு சொட்டு விட்டுடறியா?"

என் தோளில் இருந்த கை அசையாமல் அப்படியே இருந்தது.